பாடிப் பாடிப் பாடம் சொன்ன அருள்சகோதரி தியா போமன்

(வானொலி மறையுரை: திருப்பாடல் 137:1-4, திருத்தூதர் பணிகள் 16:22-34, 1 கொரிந்தியர் 12:14-26)



நாடுகடத்தப்பட்ட மக்களின் அழுகுரலைத் திருப்பாடல் 137-இல் கேட்கிறோம். பாபிலோனின் ஆற்றங்கரையில் அவர்கள் அமர்ந்திருக்கிறார்கள். யாழ்களை மரக்கிளைகளில் மாட்டிவிட்டார்கள். சிறைப்பிடித்தவர்களோ, உங்கள் ஊர்ப் பாட்டு ஒன்று பாடிக் காட்டுங்கள், கேட்டு மகிழலாம் என்கிறார்கள். பாட அவர்களுக்கு வாய் வரவில்லை.

திருத்தூதர் பணிகள் நூலின் 16-ஆம் அதிகாரத்தில் இன்னொரு காட்சி. பவுலும் சீலாவும் பிலிப்பி நகரில் அடிபட்டு, கால்கள் தொழுமரத்தில் மாட்டப்பட்டு, உட்சிறையில் கிடக்கிறார்கள். நள்ளிரவு வேளை. அவர்கள் பாடுகிறார்கள். மற்றக் கைதிகள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நிலம் அதிர்கிறது, கதவுகள் திறக்கின்றன.

இரண்டு இடத்திலும் துன்பம் ஒன்றுதான். ஓரிடத்தில் பாட்டு நின்றுபோகிறது. மற்றோர் இடத்தில் பாட்டைத் தொடர்ந்து சிறைக் கதவு திறக்கிறது. ஏன் இந்த வேறுபாடு? பாபிலோனில் பாடச் சொன்னவர்களுக்குப் பாட்டு வேண்டியிருந்தது, பாடுகிற மனிதர் வேண்டியதில்லை. பிலிப்பியில் பாடியவர்கள் தங்களையே கடவுளுக்குக் கொடுத்துப் பாடினார்கள். அந்தச் சிறையில் அவர்கள் முழு மனிதர்களாக இருந்தார்கள்.

இந்த வேறுபாட்டைத் தம் வாழ்நாள் முழுவதும் விளக்கிக் காட்டிய ஒரு கத்தோலிக்க ஆசிரியையைப் பற்றி இன்று சிந்திப்போம். அவர் பெயர் அருள்சகோதரி தியா போமன். அமெரிக்க ஐக்கிய நாட்டின் மிசிசிப்பி மாநிலத்தைச் சேர்ந்தவர். ஆசிரியப்பணி, மறைப்பணி, நீதிக்கான உழைப்பு, பாட்டு ஆகிய நான்கும் அவரிடத்தில் தனித்தனியாக இருக்கவில்லை. ஒரே கயிற்றின் புரிகளாக இருந்தன. இன்று திருச்சபை அவரை இறையடியார் என்று அழைக்கிறது.

கேன்டன் ஊர்ச் சிறுமி

1937-ஆம் ஆண்டு டிசம்பர் 29 அன்று யாசூ சிட்டி என்னும் ஊரில் பிறந்து, கேன்டன் என்னும் சிற்றூரில் வளர்ந்தவர் அவர். பெற்றோர் இட்ட பெயர் பெர்த்தா எலிசபெத். தந்தை தியான் போமன் மருத்துவர், தாய் மேரி எஸ்தர் ஆசிரியை. வீட்டுக்கு ஒரே பிள்ளை. படித்த குடும்பம்தான். ஆனாலும் அவர் அடிமைகளின் பேத்தி என்பதை அந்த ஊர் ஒரு நாளும் மறக்கவிடவில்லை.

அன்றைய மிசிசிப்பியில் வெள்ளையர்க்கு ஒரு பள்ளி, கறுப்பினத்தவர்க்கு ஒரு பள்ளி. மருத்துவமனை தனி, பேருந்தில் இருக்கை தனி, குடிநீர்க் குழாய்கூடத் தனி. தேநீர்க் கடைகளில் தனிக் குவளை வைத்த வரலாற்றை அறிந்த நமக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. வேதனை என்னவென்றால், அமெரிக்கத் தென்பகுதியின் கோவில்கள் பலவற்றிலும் இதே வழக்கம் நுழைந்திருந்தது. கறுப்பினக் கத்தோலிக்கர் கடைசி இருக்கைகளில் அமர வேண்டும். நற்கருணை வாங்கவும் வெள்ளையர் அனைவரும் வாங்கி முடியும்வரை காத்திருக்க வேண்டும். ஒரே அப்பத்தில் பங்குகொள்கிற இடத்திலும் வரிசை இரண்டு!

பெர்த்தாவின் பெற்றோர் கத்தோலிக்கர் அல்லர். சிறுமியாக அவர் ஊரிலிருந்த பல சபைகளின் வழிபாடுகளுக்கும் சென்று வந்தார். கத்தோலிக்கத் திருச்சபை அவரை ஈர்த்ததற்குக் காரணம் மறைக்கல்வி நூல் அன்று. ஏழைகள்மீதும் தேவையில் உழல்வோர்மீதும் கத்தோலிக்கர் காட்டிய அக்கறையைக் கண்டார். ஒன்பது வயதில், தாமாகவே விரும்பிக் கேட்டுத் திருமுழுக்குப் பெற்றார்.

1948-இல் கேன்டனில் குழந்தை இயேசு பள்ளி திறக்கப்பட்டது. வடக்கே தொலைதூரத்து விஸ்கான்சின் மாநிலத்தின் லா கிராஸ் நகரிலிருந்து, இடைவிடா ஆராதனையின் பிரான்சிஸ்கன் சகோதரிகள் அங்கே கற்பிக்க வந்தார்கள். கறுப்பினக் குழந்தைகளுக்கு ஒதுக்கப்பட்ட அரசுப் பள்ளிகளில் புத்தகமும் வசதியும் குறைவு. பத்து வயது கடந்தும் பெர்த்தாவுக்குச் சரளமாக வாசிக்க வரவில்லை. ஆசிரியையான தாய் மகளை அந்தப் புதிய பள்ளியில் சேர்த்தார். சகோதரிகள் பொறுமையாக எழுத்துக்கூட்ட வைத்தார்கள். வாசிக்கத் திணறிய அந்தச் சிறுமிதான் பிற்காலத்தில் ஆங்கில இலக்கியத்தில் முனைவர் பட்டம் பெற்றார். ஒரு பிள்ளையை இதற்கு வராது என்று ஒதுக்கிவிடாத ஆசிரியர் கடவுளின் மீட்புப் பணியில் பங்குபெறுகிறார் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

பாட்டு எப்படிப் பாடமாயிற்று?

பள்ளிக்கு முன்னரே பெர்த்தாவுக்கு வேறோர் ஆசிரியர் குழு இருந்தது. ஊரிலிருந்த வயதானவர்கள்தாம் அது. அவர்களிடமிருந்துதான் பாட்டும் கதையும் செபமும் பழமொழியும் கற்றார். அந்தப் பாடல்களைப் பற்றி இங்கே சிறிது விளக்கமாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் அவற்றை அறியாமல் இந்தச் சகோதரியைப் புரிந்துகொள்ள முடியாது.

ஆப்பிரிக்காவிலிருந்து கப்பல்களில் அடைத்துக் கொண்டுவரப்பட்ட மக்களிடமிருந்து மொழி, பெயர், குடும்பம் எல்லாம் பறிக்கப்பட்டன. தென் மாநிலங்கள் பலவற்றில் அடிமைகளுக்கு எழுத்தறிவு கொடுப்பது சட்டப்படி குற்றம். திருவிவிலியத்தைக் காதால் கேட்கலாம், கையில் எடுத்துப் படிக்க முடியாது. ஆகவே அவர்கள் கேட்டதைப் பாட்டாக்கினார்கள். பருத்திக் காட்டில் வேலை செய்யும்போதும், இரவில் மறைவாகக் கூடியபோதும் பாடினார்கள். இவ்வாறு பிறந்தவையே ஸ்பிரிச்சுவல் எனப்படும் ஆன்மிகப் பாடல்கள். எழுதியவர் பெயர் தெரியாது. எழுத்தறியா மக்களின் திருவிவிலியம் அவையே, மறைக்கல்வியும் அவையே.

அவற்றின் அமைப்பு நமக்குப் புதிதன்று. ஒருவர் ஓர் அடியை எடுத்துக்கொடுப்பார், மற்றவர்கள் சேர்ந்து பதில் பாடுவார்கள். நம் நடவுப் பாட்டும் இப்படித்தான். கோவிலில் நாம் சொல்லும் மன்றாட்டுமாலையும் இப்படித்தான். இந்த முறையில் படிக்கத் தெரியாதவரும் பங்கெடுக்கலாம், குழந்தையும் சேர்ந்துகொள்ளலாம். ஒருவருக்குத் துக்கம் தொண்டையை அடைத்தால் மற்றவர்கள் அவருக்காகவும் சேர்த்துப் பாடிவிடுவார்கள்.

அவற்றின் பொருளும் இரு அடுக்குகள் கொண்டது. மோசேயைப் பற்றிப் பாடினால், எகிப்தின் அடிமைகளை விடுவித்த கடவுள் எங்களையும் விடுவிப்பார் என்பது உள்ளிருக்கும் பொருள். யோர்தானைக் கடப்பது விண்ணகம் செல்வதையும் குறிக்கும், அடிமைத்தனம் இல்லாத வடக்கு மண்ணுக்குத் தப்பிச் செல்வதையும் குறிக்கும். காவல் நிற்பவருக்கு அது வெறும் பக்திப் பாட்டு. பாடுகிறவருக்கோ அது நம்பிக்கையின் அறிக்கை. விண்ணகத்தையும் மண்ணின் நீதியையும் அந்த மக்கள் பிரித்துப் பார்க்கவில்லை. சகோதரி தியாவிடம் பாட்டும் நீதியும் ஒன்றாக இருந்ததற்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

வடக்கே சென்ற மகள்

1953-இல், பதினைந்து வயதில், தமக்குக் கற்பித்த சகோதரிகளின் சபையிலேயே சேர முடிவு செய்தார் பெர்த்தா. பெற்றோர் தயங்கினார்கள். ஒரே மகள். போகும் இடமோ வெள்ளையர் மட்டுமே வாழும் மடம். அங்கே உன்னை விரும்ப மாட்டார்கள் என்று தந்தை எச்சரித்தார். விரும்பச் செய்வேன் என்பது மகளின் பதில். உண்ணாமல் இருந்து பெற்றோரின் சம்மதத்தைப் பெற்றார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறு கூறுகிறது.

லா கிராஸில் அந்தச் சபையின் ஒரே கறுப்பினத்தவர் அவர்தான். குளிர் புதிது, உணவு புதிது, இலத்தீன் பாடல்கள் புதியவை. விரைவிலேயே காசநோய் தாக்கியது. நீண்ட மாதங்கள் மருத்துவமனையில் படுக்க நேர்ந்தது. அதற்குப் பின் துறவற உடை பெற்றபோது அவருக்குத் தியா என்ற பெயர் கிடைத்தது. தந்தையின் பெயரான தியானை அது நினைவூட்டும். கடவுளுக்குரியவர் என்பதும் அதன் பொருள்.

முதலில் லா கிராஸிலேயே வெள்ளையரின் குழந்தைகளுக்கு வகுப்பெடுத்தார். 1961-இல் சபை அவரைக் கேன்டனுக்கே, தாம் படித்த பள்ளிக்கே, ஆசிரியையாக அனுப்பியது. அந்த ஏழு ஆண்டுகள் மிசிசிப்பி கொதித்துக்கொண்டிருந்த காலம். கறுப்பினத்தவர் வாக்காளராகப் பதிவு செய்யச் சென்றாலே வேலை போகும், வீடு எரியும், உயிரும் போகலாம். 1966 ஜூன் மாதத்தில் நெடும்பயணமாக வந்த உரிமைப் போராட்டத்தினர் கேன்டனில் ஒரு பள்ளி மைதானத்தில் கூடாரம் அமைக்க முயன்றபோது, காவலர் கண்ணீர்ப்புகைக் குண்டு வீசித் தாக்கினார்கள்.

அந்த ஊரில், அந்த ஆண்டுகளில், ஓர் ஆசிரியை என்ன செய்ய முடியும்? தியா ஆங்கிலம் கற்பித்தார், பாடகர் குழு நடத்தினார். இரண்டும் அவருக்கு ஒரே பணி. நீ தாழ்ந்தவன் என்று தெருவெங்கும் பலகை தொங்கும் ஊரில், தாத்தா பாட்டியின் பாட்டைப் பெருமையோடு பாடக் கற்ற பிள்ளை தலை நிமிர்ந்து நிற்கும். 1967-இல் அவருடைய மாணவர்கள் பாடிய பாடல்கள் இசைத்தட்டாக வெளிவந்தன. அதற்கு முன் பாடல் தேர்வில் வேற்றுப் பண்பாட்டை மட்டுமே உயர்வாகக் கருதப் பழக்கப்பட்டிருந்த பிள்ளைகளுக்கு, தங்கள் ஊர்ப் பாட்டே இசைத்தட்டில் ஒலிப்பது என்ன உணர்வைத் தந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

பின்னர் வாஷிங்டனிலுள்ள அமெரிக்கக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் உயர்கல்வி கற்று, 1972-இல் முனைவர் ஆனார். அவர் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது புனித தாமஸ் மூர் இலண்டன் கோட்டைச் சிறையில் இருந்தபோது, துன்பத்தில் ஆறுதல் பற்றி எழுதிய உரையாடல் நூல். சிறையில் பாடிய பவுலையும் சிறையில் எழுதிய தாமஸ் மூரையும் ஒருசேர மனத்தில் வைத்துப் பாருங்கள். தியாவின் உள்ளம் எங்கே நிலைகொண்டிருந்தது என்பது புரியும்.

அதன்பின் 1978 வரை, தம் சபை நடத்திய விட்டெர்போ கல்லூரியில் ஆங்கிலத் துறையில் பணியாற்றினார். அங்கேயும் மாணவர்களைக் கொண்டு 'அல்லேலூயா பாடகர்கள்' என்ற குழுவைத் தொடங்கினார். விஸ்கான்சினின் வெள்ளைப் பிள்ளைகள் பருத்திக் காட்டின் பாடல்களைப் பாடக் கற்றார்கள்.

கொடுக்க வந்தவர்கள் பெறக் கற்றார்கள்

இங்கேதான், அன்பார்ந்தவர்களே, இவர் வாழ்வு நமக்குச் சொல்லும் முக்கியமான செய்தி இருக்கிறது.

1948-இல் விஸ்கான்சின் சகோதரிகள் கேன்டனுக்கு எதற்காக வந்தார்கள்? கொடுப்பதற்காக. கல்வி கொடுத்தார்கள், மறையறிவு கொடுத்தார்கள், அன்பும் கொடுத்தார்கள். அது உண்மையான அன்பு. அந்த அன்பு இல்லையேல் தியா இல்லை. ஆனால் எப்போதும் ஒருவர் கொடுத்துக்கொண்டே இருக்க, மற்றவர் கைநீட்டிக்கொண்டே இருந்தால், அந்த உறவில் சமத்துவம் வருவதில்லை. ஏழையிடம் நம்மிடம் இல்லாத ஒன்று இருக்கிறது, அதை அவரிடம் நாம் பெற வேண்டும் என்று ஒப்புக்கொள்ளும்போதுதான் அன்பு நீதியாகிறது.

கண் கையைப் பார்த்து, நீ எனக்குத் தேவையில்லை என்று சொல்ல முடியாது என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். வலுக்குறைந்தவையாகத் தோன்றும் உறுப்புகளே மிகவும் தேவையானவை என்பதும் அவர் வாதம். அதாவது, கடைசி இருக்கையில் இருப்பவரைப் பரிவோடு பார்த்தால் மட்டும் போதாது. அவரின்றி இந்த உடல் ஊனமுற்றது என்று உணர வேண்டும்.

இந்த உண்மைக்குத் திருச்சபையிலேயே கதவு திறந்திருந்தது. 1963-இல் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டுச் சட்டத்தின் 119-ஆம் பத்தி, மறைபரப்பு நாடுகளின் மக்கள் தங்களுக்கே உரிய இசை மரபுகளைக் கொண்டிருப்பதையும், அவற்றிற்கு வழிபாட்டில் உரிய இடம் தரப்பட வேண்டும் என்பதையும் எடுத்துச் சொல்கிறது. நம் கோவில்களில் தமிழ்ப் பண்ணும் நாட்டுப்புற மெட்டும் ஒலிப்பதற்குத் துணைநின்ற அந்தச் சங்கத்தின் காற்றே அமெரிக்கக் கறுப்பினக் கத்தோலிக்கரிடத்திலும் வீசியது.

1978-இல் வயதான பெற்றோரைக் கவனிக்கக் கேன்டன் திரும்பிய தியாவை, ஜாக்சன் மறைமாவட்டம் பண்பாடுகளுக்கிடையிலான புரிதலுக்கான ஆலோசகராக அமர்த்தியது. ஊர் ஊராகச் சென்றார். பள்ளிகள், பங்குகள், குருமாணவர்கள், ஆசிரியர்கள் என எல்லா இடத்திலும் பேசினார், பாடினார், பாட வைத்தார். நியூ ஆர்லியன்ஸ் நகரில், புனித கேத்தரின் டிரெக்சல் நிறுவிய சேவியர் பல்கலைக்கழகத்தில் 1980-இல் கறுப்பினக் கத்தோலிக்க ஆய்வுகளுக்கான நிறுவனம் தோன்றியபோது, அதன் தொடக்ககால ஆசிரியர்களுள் அவரும் ஒருவர். கறுப்பினக் கத்தோலிக்கருக்கென உருவான 'லீட் மீ, கைட் மீ' என்ற பாடல் நூல் 1987-இல் வெளிவந்தபோது, ஆப்பிரிக்க அமெரிக்கத் திருப்பாடல் மரபை விளக்கும் முன்கட்டுரை ஒன்றை அதற்கு எழுதிக்கொடுத்தார். அந்தப் பாடல்களைத் திருச்சபைக்குக் கிடைத்த கொடை என்றே அவர் எப்போதும் குறிப்பிட்டார்.

கொடை என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். எங்களுக்கும் கொஞ்சம் இடம் கொடுங்கள் என்று கெஞ்சுகிறவரின் சொல் அன்று அது. உங்களுக்குத் தர எங்களிடம் ஒன்று இருக்கிறது என்று நிமிர்ந்து நிற்பவரின் சொல்.

ஆயர்கள் முன்னிலையில்

1984 அவருக்குச் சிலுவையின் ஆண்டு. பெற்றோர் இருவரும் அந்த ஆண்டில் இறந்தார்கள். அதே ஆண்டில் அவருக்கு மார்பகப் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. சாவு வரும்வரை உண்மையாகவே வாழ வேண்டும் என்பதுதான் அவர் கடவுளிடம் கேட்ட வரம். சிகிச்சையால் முடி கொட்டியது, எலும்புகளுக்கு நோய் பரவியது, சக்கர நாற்காலி தேவைப்பட்டது. ஆனால் பயணமும் நிற்கவில்லை, பாட்டும் நிற்கவில்லை.

1989 ஜூன் 17 அன்று, நியூ ஜெர்சி மாநிலத்தின் சீட்டன் ஹால் பல்கலைக்கழகத்தில் கூடியிருந்த அமெரிக்க ஆயர்கள் முன் பேச அழைக்கப்பட்டார். ஆப்பிரிக்க ஆடையணிந்து சக்கர நாற்காலியில் வந்த அந்தச் சகோதரி, உரையைத் தொடங்கியதே பாட்டில்தான். தாயற்ற குழந்தையாய் வீட்டைவிட்டுத் தொலைவில் இருப்பதைச் சொல்லும் பழைய அடிமைக்காலப் பாடல் அது. திருச்சபை என் வீடு, ஆனால் அந்த வீட்டிலேயே நான் தாயற்ற பிள்ளையாய் உணர்ந்ததுண்டு என்பதை ஆயர்களின் மனத்தில் தைக்கும்படி சொல்ல அந்தப் பாட்டே போதுமாயிருந்தது.

கறுப்பினத்தவராகவும் கத்தோலிக்கராகவும் இருப்பது என்றால் என்ன என்ற கேள்வியை எழுப்பி அவரே பதில் சொன்னார். என் திருச்சபைக்குள் நான் முழு ஆளாக வருகிறேன் என்பதே அதன் சாரம். என் வரலாறு, என் மரபு, என் பாட்டு, என் ஆட்டம், என் பொறுப்புணர்வு ஆகிய எதையும் வாசலில் கழற்றி வைத்துவிட்டு வர முடியாது. அனைத்தையும் கொடையாகக் கொண்டுவருகிறேன் என்றார். கத்தோலிக்கப் பள்ளிகளின் தேவையைப் பற்றியும், முடிவெடுக்கும் இடங்களில் கறுப்பினத்தவருக்கு இடமில்லாமை பற்றியும் வெளிப்படையாகப் பேசினார். கசப்பு இல்லை, பூசி மெழுகலும் இல்லை. சிரிக்க வைத்துக்கொண்டே சுட்டிக்காட்டினார்.

இறுதியில் ஆயர்களை எழுந்து நிற்கச் சொன்னார். கைகளைக் குறுக்காகக் கோத்து ஒருவரையொருவர் நெருங்கி நிற்கச் செய்தார். அப்படி ஏன் நிற்க வேண்டும் என்பதையும் விளக்கினார். உரிமைப் போராட்டக் காலத்தில் துப்பாக்கிக் குண்டும் கண்ணீர்ப்புகையும் நாய்களும் குதிரைகளும் வரும்போது ஒருவரும் பிரிந்துபோகாமல் இருக்கவே மக்கள் அவ்வாறு இறுகி நின்றார்கள். அந்த நாள்களில் குருக்களையும் ஆயர்களையும் எங்கே நிறுத்தினார்கள் தெரியுமா, முன்வரிசையில் என்றும் நினைவூட்டினார். பிறகு 'வீ ஷல் ஓவர்கம்' என்ற அந்தப் போராட்டப் பாடலை அனைவரும் சேர்ந்து பாடினார்கள். ஆயர்கள் பலரின் கண்கள் கலங்கின.

அன்பார்ந்தவர்களே, இந்தக் காட்சியில் யார் கற்பிக்கிறார், யார் கற்கிறார் என்று பாருங்கள். கடைசி இருக்கைக்கு ஒதுக்கப்பட்ட மக்களின் மகள் முன்னால் அமர்ந்திருக்கிறார். திருச்சபையின் ஆயர்கள் அவர் எடுத்துக்கொடுத்த அடியைப் பின்பற்றிப் பாடுகிறார்கள். 41 ஆண்டுகளுக்கு முன் கேன்டனில் எழுத்துக்கூட்டத் தொடங்கிய கல்வி, தன் கனியை முழுத் திருச்சபைக்கும் கொடுத்த நாள் அது.

அடுத்த ஆண்டு, 1990 மார்ச் 30 அன்று, தாம் வளர்ந்த கேன்டன் வீட்டிலேயே 52-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தின் லாட்டாரே பதக்கம் அவர் இறந்தபின் அவருக்கு வழங்கப்பட்டது. 2018 நவம்பரில் அமெரிக்க ஆயர்கள் அவருடைய புனிதர்பட்ட நடவடிக்கைகளுக்கு இசைவு தந்தார்கள். ஜாக்சன் மறைமாவட்டம் அப்பணியைத் தொடங்கியது. அவரோ தம்மைப் பற்றிப் பெரிய புகழுரை எதையும் விரும்பவில்லை. முயன்று பார்த்தாள் என்று மட்டும் சொன்னால் போதும் என்றார்.

நமக்கு என்ன?

இது தொலைதூரத்து மக்களின் கதை என்று நாம் கேட்டுவிட்டுப் போய்விட முடியுமா? நம் மண்ணிலும் சாதியின் பெயரால் கோவிலுக்குள் இடம் பிரிக்கப்பட்டது. கல்லறைத் தோட்டத்தில் சுவர் எழுந்தது. சில இடங்களில் அந்தச் சுவர் இன்னும் இருக்கிறது. கல்லில் இல்லாத இடங்களிலும் மனத்தில் இருக்கிறது.

திருவிழா வந்தால் பறை வேண்டும். கொடியேற்றத்துக்கும் தேர்ப்பவனிக்கும் அது முழங்கினால்தான் களை கட்டும். ஆனால் பறை இசைக்கும் அந்தச் சகோதரர் பங்குப்பேரவையில் இருக்கிறாரா? அவர் பிள்ளைக்கு வாசகம் வாசிக்கும் வாய்ப்புக் கிடைக்கிறதா? அவர் வீட்டுத் திருமணத்தில் நாம் உட்கார்ந்து உண்கிறோமா? இல்லை என்றால், பாட்டைக் கேட்டுவிட்டுப் பாடுகிற மனிதரை வேண்டாம் என்ற பாபிலோன்காரர்களுக்கும் நமக்கும் என்ன வேறுபாடு?

சகோதரி தியாவின் வாழ்வைச் சிந்தித்த நாம் இந்த வாரம் மூன்று காரியங்களைச் செய்யலாம்.

முதலாவது, நம் பங்கிலுள்ள முதியவர் ஒருவரிடம் சென்று, அவர் சிறுவயதில் கற்ற ஒரு பாட்டையோ செபத்தையோ நம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரக் கேட்போம். தவக்கால ஒப்பாரியோ, கிறிஸ்து பிறப்புக் கும்மியோ, வீட்டில் சொன்ன மாலைச் செபமோ எதுவாகவும் இருக்கலாம். தியாவின் முதல் பள்ளி அப்படிப்பட்ட முதியவர்களின் திண்ணைதான்.

இரண்டாவது, நம்மில் ஆசிரியராக இருப்பவர்களும் மறைக்கல்வி கற்பிப்பவர்களும், வகுப்பில் பின்தங்கியிருக்கும் ஒரு பிள்ளையின் பெயரைச் சொல்லிச் செபிப்போம், அந்தப் பிள்ளைக்கெனத் தனியே நேரம் ஒதுக்குவோம். வாசிக்கத் திணறும் பிள்ளைக்குள் என்ன இருக்கிறது என்பதை நாம் அறியோம், கடவுள் அறிவார்.

மூன்றாவது, ஞாயிறு திருப்பலி முடிந்ததும், எப்போதும் பின்னால் நின்று அமைதியாகக் கிளம்பிச் செல்லும் ஒருவரிடம் சென்று பேசுவோம். உங்களுக்கு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்பது எளிது. உங்களிடமிருந்து நம் பங்குக்கு ஓர் உதவி வேண்டும் என்று கேட்டுப் பார்ப்போம். அந்தக் கேள்வியில் அவர் முகம் மலர்வதை நாமே காண்போம்.

பிலிப்பியில் பாட்டு ஒலித்த இரவில் திறந்தது பவுலின் சிறை மட்டுமன்று. எல்லாக் கைதிகளின் விலங்குகளும் கழன்றன. காவலரும் கூட வாழ்வு பெற்றார், பவுலின் காயங்களைக் கழுவினார், தம் வீட்டில் பந்தி வைத்தார். அடைக்கப்பட்டவரும் அடைத்தவரும் ஒரே பந்தியில் அமர்ந்த அந்த இரவு நம் பங்கிலும் வர வேண்டும் என்று மன்றாடுவோம்.

அன்பு இறைவா, உம் அடியார் தியாவின் வழியாகத் தாழ்த்தப்பட்ட மக்களின் குரலை உம் திருச்சபைக்குக் கொடையாகத் தந்தீர். எங்கள் நடுவில் நாங்கள் கேட்க மறுக்கும் குரல்களைக் கேட்கும் செவியையும், பெற மறுக்கும் கொடைகளைப் பெறும் தாழ்ச்சியையும் எங்களுக்குத் தாரும். ஒருவரையும் வாசலில் நிறுத்தாமல், ஒரே குடும்பமாக உம்மைப் பாடிப் புகழ எங்களுக்கு அருள்புரியும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.